எலும்புக்கும் ஒரு பீரியட் வேண்டும்: சித்தூர் வட்டத்துப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி பஞ்சாயத்துகளில் தமிழ் வழி வகுப்புகள் நடத்தும் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தாங்கள் போடும் கால அட்டவணையில் ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் பி.டி. பீரியடை வேறு எந்தப் பாடத்துக்கும் விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டும் என்றும், அந்த நேரத்தில் பெண் பிள்ளைகளும் ஓடவும் குதிக்கவும் வழிசெய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். இந்தப் பகுதியில் இயன்முறை சிகிச்சை செய்து வருபவள் நான். தொடை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதியவர்களை மறுபடியும் நடக்க வைப்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி. அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கிணற்றிலோ தென்னையிலிருந்தோ விழுந்தவர்கள் அல்லர்; குளியலறையில் வழுக்கியவர்கள், வாசற்படியில் தடுக்கியவர்கள். அவ்வளவு சிறிய விழுகையில் ஓர் எலும்பு முறிகிறது என்றால், அதன் காரணம் அறுபது வயதில் மட்டும் இல்லை. பன்னிரண்டு வயதிலும் இருக்கிறது. அதனால்தான் மருத்துவமனைக்கு எழுதாமல் பள்ளிக்கூடத்துக்கு எழுதுகிறேன்.

எலும்பு என்றால் சுண்ணாம்பு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எடைக் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது என்பது உண்மைதான். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார், எஞ்சியது தண்ணீர். தாது கடினத்தைக் கொடுக்கிறது, நார் வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகிறது. இதை வகுப்பில் காட்டுவது எளிது. கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சுத்தம் செய்து வினிகரில் நாலைந்து நாள் ஊறப்போட்டால் தாது கரைந்து போய், எலும்பு உருவம் மாறாமலேயே ரப்பர்போல் வளையும். இன்னோர் எலும்பை அடுப்பில் நன்றாகச் சுட்டெடுத்தால் நார் எரிந்துபோய், தாது மட்டும் நின்று, விரலால் அழுத்தினாலே நொறுங்கும். அறிவியல் ஆசிரியர்கள் இதைச் செய்து காட்டிவிட்டால், பால் குடித்தால் எலும்பு உறுதியாகிவிடும் என்ற பாதி உண்மையைப் பற்றி நான் தனியே வாதாட வேண்டியிருக்காது.

எலும்பின் உறுதியை முடிவு செய்பவை மூன்று: எவ்வளவு தாது இருக்கிறது, அந்தத் தாதுவும் நாரும் எப்படிப் பின்னியிருக்கின்றன, எலும்பின் வடிவமும் அகலமும் என்ன. மூன்றாவதைப் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை. ஒரே எடையுள்ள இரண்டு மூங்கில்களில் ஒன்று சற்று அகலமாகவும் மற்றது ஒல்லியாகவும் இருந்தால், வளைக்கும்போது முதலில் முறிவது எது என்று கள் இறக்குகிறவர்கள் நிறைந்த நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நீண்ட எலும்பு ஒரு குழல்; அதன் வெளி விட்டம் கொஞ்சம் கூடினாலே வளைவைத் தாங்கும் திறன் அதைவிட அதிக விகிதத்தில் கூடிவிடும். உடற்பயிற்சி இம்மூன்றையும் தொடுகிறது. ஆனால் எல்லா வயதிலும் ஒரே அளவில் அல்ல.

எலும்புக்குள் உள்ள உயிரணுக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆஸ்டியோசைட் எனப்படுபவை. தாதுவுக்கு நடுவே சின்னஞ்சிறு குழிகளில் உட்கார்ந்துகொண்டு, நுண்ணிய வாய்க்கால்கள் வழியாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இந்த அணுக்கள்தாம் எலும்பின் காவலாளிகள். நாம் குதித்துத் தரையில் ஊன்றும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவில் வாய்க்கால்களில் உள்ள திரவம் நகர்கிறது. அந்த நகர்வை உணர்ந்த அணுக்கள், எலும்பு கட்டுவதைத் தடுத்து வைத்திருக்கும் ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதத்தின் சுரப்பைக் குறைக்கின்றன. தடை விலகியதும் கட்டும் அணுக்கள் அங்கே புதிதாக நார் விரித்துத் தாது பூசுகின்றன. சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். சுமையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை விண்வெளி காட்டியது: எடையற்ற நிலையில் மிதக்கும் விண்வெளி வீரர்கள் இடுப்பெலும்பின் தாதுவை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு முதல் ஒன்றரை விழுக்காடு வரை இழக்கிறார்கள். அவர்களுக்கு உணவில் கால்சியம் குறைவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் காவலாளிகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே மாதிரி மெதுவாக நீளும் சுமை அவர்களுக்குச் சலித்துப்போகும். சட்டென்று வரும், திசை மாறும் சுமைக்குத்தான் விழித்துக்கொள்வார்கள். 1984-இல் ரூபின், லேன்யன் என்ற இரு ஆய்வாளர்கள் பறவைகளின் சிறகெலும்பு ஒன்றைத் தனிமைப்படுத்தி நாள்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அழுத்திப் பார்த்தார்கள். நாளுக்கு 36 முறை, அதாவது ஒரு நிமிடத்துக்குச் சற்றே மேல், அழுத்தியதிலேயே எலும்பு தெளிவாகத் தடித்தது. அந்த எண்ணிக்கையை நூற்றுக்கணக்கான முறையாகக் கூட்டியும் கூடுதல் பலன் இல்லை. எலும்புக்கு வேண்டியது நீண்ட நேரம் அல்ல, சரியான வகை அசைவு என்பதே இதன் பொருள். எங்கள் பிள்ளைகள் வீட்டு வேலை செய்கிறார்கள், சைக்கிளில்தான் பள்ளிக்கு வருகிறார்கள், அது போதாதா என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதிலும் இதுதான். சைக்கிளும் நீச்சலும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மிக நல்லவை. ஆனால் உடல் எடையை இருக்கையோ தண்ணீரோ தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அவற்றால் கிடைப்பது குறைவு. போட்டி அளவில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கே முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

இனி வயதுக்கு வருகிறேன். இந்த மடலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கனடாவின் சஸ்காட்செவானில் ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள எலும்புத் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு, பூப்பெய்தும் காலத்தை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது என்று அது காட்டியது. தாது மிக வேகமாகச் சேரும் அந்த உச்சம் பெண்களுக்குப் பன்னிரண்டரை வயதை ஒட்டி வருகிறது, ஆண்களுக்குப் பதினான்கை ஒட்டி. அந்த உச்சத்துக்கு ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, சுறுசுறுப்பாக ஓடியாடிய பையன்களிடம், அவ்வாறு ஆடாத பையன்களைவிட 9 விழுக்காடும், பெண்களிடம் 17 விழுக்காடும் கூடுதல் தாது இருந்தது. பெண் பிள்ளைகளின் வேறுபாடு பையன்களுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதை இன்னொரு முறை படித்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

டென்னிஸ் ஆடுபவர்கள் இந்த ஆராய்ச்சிக்குக் கிடைத்த ஒரு வரம், ஏனென்றால் ஆடும் கை ஒன்று, ஆடாத கை ஒன்று. உணவும் பரம்பரையும் இரண்டுக்கும் பொது. 1977-இல் வெளியான ஆய்வில், தொழில்முறை வீரர்களின் ஆடும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மற்றக் கையைவிட ஆண்களிடம் ஏறக்குறைய 35 விழுக்காடும் பெண்களிடம் 28 விழுக்காடும் தடித்திருந்தது. பின்லாந்தில் 1995-இல் டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களை அளந்தபோது இன்னும் முக்கியமான ஒன்று தெரிந்தது: பூப்பெய்துவதற்கு முன்போ அதே காலத்திலோ ஆடத் தொடங்கியவர்களுக்குக் கிடைத்த பலன், அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தொடங்கியவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. அமெரிக்காவில் பேஸ்பால் பந்து எறிபவர்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவு, இளமையில் எறிந்ததால் கிடைத்த எலும்பு அகலத்தில் பாதியும் உறுதியில் மூன்றில் ஒரு பங்கும் எறிவதை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பின்பும் வாழ்நாள் முழுக்க நின்றதாகச் சொல்கிறது. தாது வரும், போகும். இளமையில் கிடைத்த அகலம் பெருமளவு தங்கிவிடுகிறது.

இப்போது நம் பள்ளி வளாகத்துக்கு வாருங்கள். சென்ற ஆண்டு நான் வேறொரு வேலையாகப் போயிருந்த ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பி.டி. பீரியட் நடந்துகொண்டிருந்தது. பையன்கள் திடலில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். பெண் பிள்ளைகள் புளிய மரத்தடித் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் மடியில் நான்கு கைக்கடிகாரங்கள், இன்னொருத்தியின் கையில் கோல் கணக்கு எழுதும் நோட்டு. நீங்கள் ஆடவில்லையா என்று கேட்டதற்கு, "பெரிய பிள்ளையாயிட்டோம், டீச்சர் திட்டுவாங்க" என்றாள் ஒருத்தி, மற்றவர்கள் சிரித்தார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஆசிரியை பெற்றோருக்குப் பயப்படுகிறார், பெற்றோர் ஊருக்குப் பயப்படுகிறார்கள். ஆனால் வாழ்நாளுக்கான எலும்பு சேரும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளை அப்படியே எடுத்து அந்தத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டோம். ஐம்பதை ஒட்டி மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து பெண்களின் எலும்பு வேகமாகக் கரையும். கையிருப்புக் குறைவாக அந்தக் கட்டத்துக்குள் நுழைபவர்கள்தான் பின்னாளில் என்னிடம் வருகிறார்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். கொழிஞ்சாம்பாறை, முதலமடைப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சி இருப்பது நிலத்தடி நீர் ஆய்வுகளில் பதிவான செய்தி. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஃபுளோரைடு எலும்பின் படிகத்துக்குள் புகுந்து, எக்ஸ்ரேயில் எலும்பை அடர்த்தியாகக் காட்டும். இந்த அடர்த்தியை நம்பி ஒரு காலத்தில் அதை மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நான்கு ஆண்டுகள் சோடியம் ஃபுளோரைடு கொடுத்த சோதனையின் முடிவு 1990-இல் வந்தது: முதுகெலும்பின் அடர்த்தி 35 விழுக்காடு கூடியிருந்தது, முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, மற்ற எலும்புகளின் முறிவோ கூடியிருந்தது. அடர்த்தி வேறு, உறுதி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பள்ளிக் குடிநீர் குழாய்க் கிணற்றிலிருந்து வருகிறது என்றால், தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்த பின்பே விளையாட்டைப் பற்றியும் கால்சிய மாத்திரையைப் பற்றியும் பேசுவது நேர்மை. இந்த வேலை பஞ்சாயத்துடையது. ஆசிரியர்களின் தலையில் அதைக் கட்டக் கூடாது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குதித்தால் மட்டும் எலும்பு வளராது. கட்டுவதற்குச் சரக்கு வேண்டும். பள்ளியில் கொடுக்கும் பாலும் முட்டையும் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; வீட்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ராகிக் களியோ கூழோ இருந்தால் நல்லது, நூறு கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. வைட்டமின் டி நம் தோலில் வெயிலில்தான் உருவாகிறது. பாலக்காட்டுக் கணவாயின் வெயிலில் வாழ்ந்துகொண்டு அது குறைவாக இருப்பது, பகல் முழுக்கக் கூரைக்குள் இருப்பதன் விளைவு.

எனக்கு வரப்போகும் மறுப்புகள் தெரியும். எஸ்.எஸ்.எல்.சி.யில் முழு ஏ பிளஸ் வாங்குவதற்கு ஏழாம் வகுப்பிலேயே கணக்குப் பீரியட் போதவில்லை என்பார்கள். கலை, விளையாட்டுப் பீரியட்களில் வேறு பாடம் எடுக்கக் கூடாது என்று கல்வித் துறையே அறிவுறுத்தியிருக்கிறது. விதிப்படி விளையாட்டுத் திடல் இல்லாத பள்ளிகள் மீது, மூடுவது உட்பட நடவடிக்கை எடுக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. எனவே நான் கேட்பது சலுகை அல்ல, ஏற்கெனவே பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது. உடற்கல்வி ஆசிரியர் இல்லையே என்பது நியாயமான மறுப்பு. பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே கிடைப்பதால் நம் சிறிய யு.பி. (நடுநிலை) பள்ளிகளுக்கு அது கைக்கெட்டாமலேயே போகிறது. ஆனால் எலும்புக்குத் தேவையான அசைவுக்குப் பயிற்சியாளர் வேண்டியதில்லை. பாண்டி, பச்சைக்குதிரை, ஸ்கிப்பிங், கபடி, ஓடிப்பிடிப்பது ஆகிய எல்லாவற்றிலும் தாவலும் திடீர்த் திருப்பமும் நிறைந்திருக்கின்றன. பாண்டியில் ஒற்றைக் காலில் தாவித் திரும்பி மறுபடி தாவும்போது இடுப்பெலும்புக்குப் பல திசைகளில் சுமை விழுகிறது. நம் பாட்டிமார் ஆடிய ஆட்டத்தை மருத்துவக் காரணம் சொல்லி மீட்டெடுக்க வேண்டியிருப்பது கொஞ்சம் வெட்கம்தான்.

அளவு என்ன என்று கேட்டால், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆறு முதல் பத்து வயதுக்குள்ளான பிள்ளைகளிடம் செய்த, 2001-இல் வெளியான ஒரு சோதனையைச் சொல்வேன். 61 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து இரு காலும் ஊன்றக் குதிப்பது, ஒரு வேளைக்கு நூறு முறை, வாரம் மூன்று நாள், ஏழு மாதம். உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, குதித்தவர்களின் தொடை எலும்புக் கழுத்தில் தாது 4.5 விழுக்காடும் முதுகெலும்பில் 3.1 விழுக்காடும் கூடியிருந்தது. தொடை எலும்புக் கழுத்து என்பது நான் மேலே சொன்ன பாட்டிமார்களுக்கு முறியும் அதே இடம். குதிப்பதை நிறுத்தி ஏழு மாதம் கழித்தும் அங்கே கிடைத்த பலன் போய்விடவில்லை. நாம் பெட்டி செய்யவும் வேண்டாம், நூறு வரை எண்ணவும் வேண்டாம். வாரம் மூன்று நாள் காலை அசெம்பிளி முடிந்ததும் வெயில் ஏறுவதற்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் குதித்துவிட்டு வகுப்புக்குள் போகட்டும், பி.டி. பீரியடில் விளையாட்டு தொடரட்டும். ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளுக்குச் சராசரி ஒரு மணி நேர அசைவும், வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான் கேட்பது அதில் ஒரு துணுக்கு. 2025-இல் கேரளப் பள்ளிகளில் ஜும்பா என்னும் நடன உடற்பயிற்சி வந்தபோது அதை ஒட்டி எழுந்த சண்டைக்குள் நான் போக விரும்பவில்லை. அதில் குதிப்பு இருப்பதால் எலும்பு அதை மறுக்காது என்று மட்டும் சொல்வேன்.

சில எச்சரிக்கைகளும் அவசியம். இதய நோயோ, வலிப்போ, மூட்டு வீக்கமோ உள்ள பிள்ளைகளை மருத்துவரைக் கேட்காமல் குதிக்கச் சொல்லக் கூடாது. மாவட்டப் போட்டிக்குத் தயாராகும் பெண் பிள்ளைகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கடுமையாக ஓடினால் மாதவிடாய் நின்றுபோய் எலும்பு பலவீனமாகும். பயிற்சியோடு தட்டிலும் கண் இருக்க வேண்டும். மார்ச், ஏப்ரல் வெயிலில் நண்பகலில் யாரையும் திடலுக்கு அனுப்ப வேண்டாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். பள்ளி முற்றத்துக்கு நிதி வந்ததும் நாம் முதலில் செய்வது இன்டர்லாக் கல் பதிப்பது. மழைக்காலத்தில் சேறு இல்லை, திறப்பு விழாப் படத்தில் அழகாகவும் இருக்கிறது. ஆனால் பாசி பிடித்த இன்டர்லாக்கில் ஓடி விழுந்து மணிக்கட்டு முறிந்த பிள்ளைகளை நான் பார்க்கிறேன். மூன்று மணிக்கு அந்தக் கல்லில் வெறுங்காலை வைக்கவும் முடியாது. முற்றத்தில் பாதியையாவது மண்ணாக விட்டுவிட்டு, மிச்சமாகும் பணத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வரும், தாழ்ப்பாள் விழும் கழிப்பறையைக் கட்டிக்கொடுங்கள். மாதவிடாய் நாள்களில் விளையாட்டை விட்டு அவர்கள் ஒதுங்குவதற்குப் பாதிக் காரணம் அந்தத் தாழ்ப்பாள்தான். பாவாடையோ நீளமான ஷாலோ போட்டுக்கொண்டு பச்சைக்குதிரை தாண்ட முடியாது, பி.டி. உள்ள நாளில் பேன்ட், டி-ஷர்ட் போட்டு வரலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் ஆசிரியைகளின் பயம் பெருமளவு தீரும்.

எங்கள் வயதுக்கு இனி என்ன இருக்கிறது என்று கேட்கும் அம்மாமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களை மேற்பார்வையில் வாரம் இருமுறை, அரை மணி நேரம், கனமான எடை தூக்கவும் தாவி ஊன்றவும் பழக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களின் இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டங்களுக்கு வந்து இதைக் கற்றுத்தர நான் தயாராக இருக்கிறேன். தொழிலுறப்பு (ஊரக வேலை உறுதித் திட்ட) வேலைக்குப் போகிறோமே என்று சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டாம். குனிந்தே வெட்டும் வேலையில் முதுகுக்கு வலிதான் மிஞ்சுகிறது.

ஜூன் மாதப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்குழுவில் கால அட்டவணை, குடிநீர்ப் பரிசோதனை, விளையாட்டு உடை ஆகிய மூன்றையும் பொருள் நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் சனிக்கிழமைகளில் எந்தப் பள்ளிக்கும் கட்டணம் இல்லாமல் வருவேன். ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரமும், பிள்ளைகளோடு திடலில் ஒரு மணி நேரமும் போதும். வினிகரில் ஊறிய கோழி எலும்பை நானே கொண்டுவந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பகுதியைச் சேர்ந்த இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர்